கருவி இடம் சொல்லும்... ஊர் வழி சொல்லும்!

1896, ஆகஸ்ட் 29. மதுரையில் பதினாறு வயது மாணவன் ஒருவன் பழைய அட்லாஸ் ஒன்றைப் புரட்டுகிறான். திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது என்று தெரியவில்லை. வரைபடத்தைப் பார்த்தால், பக்கத்தில் இருக்கும் நிலையம் திண்டிவனம். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொள்கிறான். இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்குகிறான். ரயிலில் உடன் வந்த மௌல்வி ஒருவர் விசாரித்துவிட்டு, விழுப்புரத்தில் இறங்கி மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கிறது என்கிறார். அந்தப் பாதை போடப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பையன் பார்த்த அட்லாஸ் அதற்கும் முந்தியது.

அந்த மாணவனின் பெயர் வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. பிறந்த ஊர், குண்டாற்றங்கரையில் உள்ள திருச்சுழி.

திருச்சுழி, அருப்புக்கோட்டை, அவற்றைச் சுற்றி வானம் பார்த்த பூமியாகக் கிடக்கும் குமாரலிங்கபுரம் போன்ற ஊர்கள் - இந்த வட்டாரத்தில் இன்று ஆடு மேய்க்கப் போகிறவர் மடியிலும் வரைபடம் இருக்கிறது. கைப்பேசியைத் தட்டினால் நீலப் புள்ளி ஒன்று நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. ஆனால், அன்று ரயிலில் நடந்தது இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வரைபடம் ஏதோ ஒரு நாளில் வரையப்பட்டது. இன்றைய வழி, அந்த வழியில் போய் வருகிறவருக்குத்தான் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் வழி தவறுவதில்லை. அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

‘காடு’ என்றால் இங்கே வேறு

கையடக்க ஜி.பி.எஸ். கருவி ஒன்றையும், வரைபடம் ஏற்றிய கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு குமாரலிங்கபுரம் பக்கத்தில் நடந்தேன். இந்தப் பக்கத்து ஆட்கள் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் வனத்துக்குப் போகிறார்கள் என்று பொருள் இல்லை. பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் விளையும் மானாவாரி நிலத்துக்குத்தான் இங்கே காடு என்று பெயர். கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல். நடுவே பனைகள், ஒரு கண்மாய்க் கரை, எங்கோ ஒரு கோயில் மரம். மீதி இடத்தை எல்லாம் சீமைக்கருவேலம் பிடித்திருக்கிறது.

இப்படிப்பட்ட நிலத்தில் வழி தவறுவது எளிது. மலைநாட்டில் சிகரம் ஒன்று அடையாளம் தரும். சமவெளிக் கரிசலில் ஒரு காடு இன்னொரு காட்டைப் போலவே இருக்கிறது. கருவேல முள்ளுக்குள் நுழைந்துவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கண்மாய்க்குள் நின்றுகொண்டே கண்மாய் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அதனால்தான் இந்த ஊர்க்காரர்களின் பேச்சிலேயே திசை கலந்திருக்கிறது. இடது, வலது என்று வழி சொல்வது குறைவு. ‘வடக்கால போயி, கம்மாய்க் கரையில ஏறி, கெழக்கால எறங்கு’ என்பதுதான் வழக்கம். ‘கூப்பிடு தூரம்’ என்றால் குரல் கேட்கும் தொலைவு. மேற்கு, கிழக்கு என்னும் சொற்களே மேடு, பள்ளத்தைச் சொல்பவை. மேல் இருப்பது மேற்கு. கீழ் இருப்பது கிழக்கு. மேற்கிலிருந்து இறங்கி வரும் குண்டாறும் வைப்பாறும் அதற்குச் சாட்சி. இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்கு வரும் தண்ணீரும் பெரும்பாலும் அந்தச் சரிவில்தான் வந்து சேர்கிறது. கையிலிருந்த கருவி கடல் மட்டத்திலிருந்து உயரம் காட்டியது. கிழக்கே நடக்க நடக்க எண் சிறிது சிறிதாகக் குறைந்தது. நம் முன்னோர் ஒரு சொல்லில் வைத்துவிட்டுப் போன நிலவியலைத்தான் கருவி எண்களில் காட்டுகிறது.

விண்ணிலிருந்து வரும் கடிகாரம்

ஜி.பி.எஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கியது. முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1995-இல் முழு அமைப்பும் செயல்பாட்டுக்கு வந்தது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. ‘நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது’ என்ற செய்தியை அது ஓயாமல் அனுப்புகிறது. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கையிலுள்ள கருவி கணக்குப் போட்டுத் தூரத்தை அறிகிறது. மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் பிடிபடும். கருவியில் இருக்கும் சாதாரணக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது ஒன்று வேண்டும். நேரக் கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால், இடக் கணக்கில் 300 மீட்டர் தவறிவிடும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு சொல்லும் திருத்தத்தைச் சேர்க்காவிட்டால் அந்தக் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி விலகும். தரையில் அது 11 கிலோமீட்டர் பிழை. அருப்புக்கோட்டையில் நிற்பவரைத் திருச்சுழிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்த ஒரே நாள் போதும்.

தொடக்கத்தில் பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை இடம் தவறும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடை நீக்கப்பட்டது. மலையேறிகளும் மீனவர்களும் நில ஆய்வாளர்களும் கையடக்கக் கருவியைப் பரவலாக நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இன்று திறந்த வெளியில் நல்ல கைப்பேசியும் கையடக்கக் கருவியும் சுமார் 5 மீட்டருக்குள் இடம் காட்டுகின்றன.

இப்போது வானத்தில் அமெரிக்கா மட்டும் இல்லை. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ இருக்கின்றன. இந்தியாவுக்கென்று நாவிக் இருக்கிறது. அதன் முதல் செயற்கைக்கோளை இஸ்ரோ 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அமைப்பின் ஏழாவது செயற்கைக்கோள் 2016 ஏப்ரல் 28 அன்று சென்றது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்-01, உள்நாட்டில் செய்த அணுக்கடிகாரத்தைச் சுமந்து சென்றது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. இடம் அறிய செல்போன் டவர் தேவையில்லை. கருவி கேட்கிறது, அவ்வளவுதான். அது எதையும் அனுப்புவதில்லை. ‘சிக்னல் இல்லை, மேப் வேலை செய்யவில்லை’ என்று காட்டுக்குள் தவிப்பவரின் கைப்பேசிக்கு இடம் நன்றாகவே தெரியும். பின்னணியில் காட்ட வேண்டிய வரைபடம்தான் இறங்கியிருக்காது. வீட்டில் இருக்கும்போதே அந்த வட்டாரத்தின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் இந்தத் தவிப்பு இல்லை. மரமும் கட்டடமும் மறைக்காத கரிசல் வானம் செயற்கைக்கோள்களை வரவேற்கக் கட்டிய பந்தல் போன்றது. கருவி திறம்பட வேலை செய்ய இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கரை தெரிகிறது, கலுங்கு தெரியவில்லை

இடத்தைச் சரியாகச் சொல்வது ஒன்று. வழியைச் சரியாகச் சொல்வது வேறொன்று.

நான் நடந்த அன்று கைப்பேசி குறுக்கு வழி ஒன்றைக் காட்டியது. கண்மாய்க் கரை மேல் போகும் பாதை. தூரம் குறைவு. கரையின் நடுவே கலுங்கு குறுக்கிட்டது. உபரித் தண்ணீர் வெளியேறும் அந்த இடத்தில் பாதை அறுந்து கிடந்தது. வரைபடத்துக்கு அது தெரியாது. ஆட்டுக்கிடையோடு எதிரே வந்த பெரியவர் ஒருவர் கலுங்குக்குக் கீழே சுற்றிப் போகும் தடத்தைக் கையால் காட்டினார். ஐப்பசியில் அதுவும் ஆகாது, கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் சொல்லிவைத்தார். சக்கரத்தில் களிமண் அப்பிக்கொண்டு நகர மறுக்கும் வண்டியை மழைக்காலக் கரிசலில் தள்ளியவர்களுக்கு அந்த எச்சரிக்கையின் மதிப்பு தெரியும். வரைபடத்தில் பங்குனிக்கும் ஐப்பசிக்கும் ஒரே கோடுதான்.

வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தாலும் ஏமாற்றம்தான். தண்ணீர் வற்றிக் கருவேலம் மண்டிய கண்மாய், படத்தில் செழித்த தோப்பு போல் தெரிகிறது. ஓடை வெறும் நிழல்கோடு. கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு படத்தில் ஒரு கரும்புள்ளி. இரவில் அந்தப் புள்ளி தெரியாமல் நடந்தால் உயிருக்கே ஆபத்து.

பிழையான வரைபடத்தால் நேரும் கேடு சின்னதல்ல. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கத்தில், கட்டி முடிக்காத பாலத்தின் மேல் சென்ற கார் ராம்கங்கை ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வழிகாட்டிச் செயலியை நம்பிச் சென்றதாகச் செய்திகள் வந்தன. பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் போயிருந்தது. வரைபடத்தில் பாலம் முழுதாக இருந்தது.

இந்த வட்டாரமும் மாறிக்கொண்டிருக்கிறது. பிரதமரின் மித்ரா திட்டத்தில் நாட்டில் அமையவிருக்கும் ஏழு ஜவுளிப் பூங்காக்களில் தமிழ்நாட்டுக்கானது விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பரப்பில் சாலையும் வேலியும் எழும்போது வண்டிப்பாதைகளும் ஆட்டுத்தடங்களும் இடம் மாறும். ஊர்ப் பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த ‘இ’ என்ற எழுத்தையும் கவனியுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துக் காட்ட நம் பக்கத்தில் முன்னெழுத்து வைக்கிறோம். முன்னெழுத்தை விட்டுவிட்டுத் தேடினால் செயலி வேறோர் ஊருக்குக் கூட்டிப்போகும்.

அவசர நேரத்தில் இது உயிர்ப் பிரச்சினை. காட்டில் ஒருவரைப் பாம்பு கடித்தால் 108-ஐ அழைக்கிறோம். எந்த ஊர், எந்தப் பக்கம் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே நிமிடங்கள் போய்விடும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்துச் சொல்லத் தெரிந்தால் அந்த நேரம் மிச்சம். அஞ்சல் துறை 2025-இல் ‘டிஜிபின்’ என்ற பத்து எழுத்துக் குறியீட்டையும் கொண்டுவந்திருக்கிறது. நாட்டின் பரப்பு முழுவதையும் சுமார் 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி தரும் ஏற்பாடு அது. கதவிலக்கம் இல்லாத காட்டுக்கும் களத்துக்கும் இதனால் முகவரி கிடைக்கிறது.

பரங்கிமலையில் தொடங்கிய கோடு

வரைபடக் கலைக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு நெடியது. சென்னையில் 1794-இல் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. 1802 ஏப்ரல் 10 அன்று, வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்துச் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் பணியின் தொடக்கம் அது. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தெற்கே வந்தார்கள். குன்றுகள் இல்லாத சமவெளியில் உயரமான இடம் வேண்டுமே! கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது கயிறு நழுவிக் கருவி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தானே சீர்செய்தார்.

அந்த வேலையின் தொடர்ச்சியாக வந்தவைதான் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்கள். பழைய எண்முறையில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் 58 ‘கே’ தொகுதிக்குள் வரும். கண்மாய், கிணறு, கோயில், வண்டிப்பாதை என்று அதில் இருக்கும் நுணுக்கம் பல கைப்பேசி வரைபடங்களில் இன்னும் வரவில்லை. நெடுங்காலம் இவை சாதாரண மக்களின் கைக்கு எட்டாமல் இருந்தன. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கான வரிசையைப் பிரித்தது. 2017-இல் அவற்றை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் வசதி வந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான நெறிமுறைகள், இந்தியர்கள் வரைபடம் உருவாக்குவதற்கு இருந்த பெரும்பாலான முன் அனுமதிகளை நீக்கின. நம் மண்ணை நாமே வரைந்துகொள்ளும் உரிமை நமக்குப் பெருமளவு வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன.

எங்கே தவறுகிறோம்?

கருவியைக் குறை சொல்லும் முன் நம் கையில் நடக்கும் தவறுகளைப் பார்ப்போம்.

முதலாவது, எண் எழுதும் முறை. அருப்புக்கோட்டையின் அட்சரேகை தசமத்தில் 9.51 பாகை. அதையே பாகை, கலை, விகலை என்று எழுதினால் 9 பாகை, 30 கலை, 36 விகலை. 9.51 என்பதை 9 பாகை 51 கலை என்று படித்துவிட்டால் என்ன ஆகும்? சுமார் 38 கிலோமீட்டர் வடக்கே, மதுரை விமான நிலையத்தின் பக்கம் போய் நிற்போம். எண்ணை அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே முறையில் இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அடிப்படை அளவீடு. இதைக் கருவிகளில் ‘டேட்டம்’ என்பார்கள். பூமி சரியான உருண்டை அல்ல. ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் கணக்கிட்ட பூமி வடிவத்தை வைத்து நம் பழைய வரைபடங்கள் வரையப்பட்டன. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ்.-84. பழைய வரைபடத்தில் எடுத்த எண்ணைப் புதிய அளவீட்டில் அப்படியே போட்டால் சில நூறு மீட்டர் விலகும். கரையின் இந்தப் பக்கம் இருக்கும் கோயிலைக் கண்மாய்க்குள் காட்டும். கருவியின் அமைப்புப் பக்கத்தில் இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

மூன்றாவது, அவசரம். கருவியைப் போட்டதும் அது காட்டுவது, கடைசியாக அணைத்த இடமாகக்கூட இருக்கலாம். செயற்கைக்கோள்களைப் பிடிக்கச் சிறிது நேரம் கொடுக்க வேண்டும். நீண்ட நாள் பெட்டியில் கிடந்த கருவிக்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். துல்லியம் எத்தனை மீட்டர் என்று அது காட்டும் எண் குறைந்து நிலைத்த பிறகு நடக்கத் தொடங்குவது நல்லது.

நான்காவது, நேர்கோடு. ‘அங்கே போ’ என்று கட்டளையிட்டால் பல கையடக்கக் கருவிகள் அம்புக்குறியை நேராகக் காட்டும். பறவைக்கு அது சரி. நடுவே கிணறும் ஓடையும் முள்காடும் இருப்பது அம்புக்குத் தெரியாது. இதற்கு மாற்று, நடந்து வந்த தடத்தைப் பதிவு செய்யும் வசதி. புறப்பட்ட இடத்திலிருந்து தடத்தைப் பதிந்துகொண்டே போனால், இருட்டினாலும் வந்த வழியே திரும்பலாம். கருவியின் வசதிகளில் எனக்கு மிகவும் உதவியது இதுதான்.

கைப்பேசி இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்று கேட்கலாம். ஊரைச் சுற்றி நடக்கக் கைப்பேசி போதும். ஆனால் சித்திரை வெயிலில் கைப்பேசி சூடேறித் திரை மங்கும், சார்ஜ் கரையும். கையடக்கக் கருவிகள் பலவும் இரண்டு பென்சில் பேட்டரியில் 20 மணி நேரத்துக்கு மேல் ஓடுகின்றன. அவற்றின் திரை வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும். வியர்வைக் கையோடு பொத்தானை அழுத்தலாம். நாள் முழுக்கக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அது தேவை.

வரப்புச் சண்டைக்கு இது நாட்டாமை அல்ல

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் புல எண்ணோடு எல்லைக்கோடு காட்டும் செயலிகளை வைத்துக்கொண்டு, ‘என் நிலம் உன் வரப்புக்கு உள்ளே வருகிறது’ என்று சண்டை போடுவது கிராமங்களில் பெருகிவருகிறது. கணக்கைப் பாருங்கள். சதுரமான ஒரு ஏக்கரின் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். எல்லை 4 மீட்டர் தள்ளிக் காட்டினால் 6 சென்ட்டுக்கு மேல் கூடும் அல்லது குறையும். கருவியின் இயல்பான பிழையே அவ்வளவு இருக்கும்போது அதை நம்பிக் கல்லைப் பிடுங்கலாமா?

நில எல்லைக்கு ஆதாரம் புலப்படமும் அளவுக்கல்லும்தான். நில அளவர்கள் இன்று பயன்படுத்தும் துல்லிய ஜி.பி.எஸ். வேறு வகை. ஓரிடத்தில் நிலையாக நிற்கும் குறிப்பு நிலையங்களிலிருந்து உடனுக்குடன் திருத்தம் வாங்கிச் சில சென்டிமீட்டருக்குள் அளக்கும். நம் கையிலிருப்பது வழி காட்டுவதற்கு. எல்லை பிரிக்க அதை எடுக்காதீர்கள்.

பயிர் விவரம் பதிய அதே கைப்பேசி போதும். புல எண் வாரியாக நிலத்திலேயே போய் நின்று பயிரைப் படமெடுத்துப் பதிவேற்றும் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் நடக்கிறது. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களும் அதில் இறக்கப்பட்டார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று தெரிந்து கருவியை எடுப்பதுதான் பயிற்சி.

கடலும் மலையும் சொல்லும் பாடம்

இந்தக் கருவியைத் தமிழர்களில் மிக நெருக்கமாக அறிந்தவர்கள் நம் மீனவர்கள். கரையில் தெரியும் குன்றையும் கோபுரத்தையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர்நிறுத்திக் கடலடிப் பார்களை (பாறைத் திட்டுகளை) அடையாளம் வைத்திருந்த மரபு அவர்களுடையது. மீன் கிடைத்த இடத்தைக் கருவியில் ‘பாயிண்ட்’ போட்டுச் சேமிக்க அதே அறிவுதான் கைகொடுத்தது. 1974, 1976 ஒப்பந்தங்களால் பிறந்த இந்திய - இலங்கைக் கடல் எல்லையில் மிதவையோ வேலியோ கிடையாது. பாக் நீரிணையில் இரவில் எல்லையைக் கண்ணால் பார்க்க முடியாது. திரையில்தான் பார்க்க வேண்டும். அங்கே ஒரு எண்ணைத் தவறாகப் படிப்பது சிறைவாசத்தில் முடியலாம்.

மலையில் நடந்த துயரத்தையும் மறக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தீ எந்தப் பக்கம் வருகிறது, எந்தச் சரிவில் இறங்கினால் தப்பலாம் என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. அதன் பிறகே மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024-இல் அரசே தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில், அந்தந்த மலைப்பகுதி மக்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். கருவி வந்த பிறகும் ஊர்க்காரர் முன்னால் நடக்க வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் அது.

கிளம்பும் முன் ஆறு வேலைகள்

1. போகும் வட்டாரத்தின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். விமானப் பயன்முறையில் போட்டு, அது திறக்கிறதா என்று பாருங்கள்.

2. புறப்படும் இடத்தை முதலில் குறியுங்கள். தடப் பதிவைத் தொடங்குங்கள்.

3. மாற்று பேட்டரி, பவர் பேங்க், காகிதத்தில் ஒரு கைவரைபடம், தண்ணீர் - இந்த நான்கும் பையில் இருக்கட்டும்.

4. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

5. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி கொண்ட கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கி வராதீர்கள். அரசின் முன் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். இடம் மட்டும் காட்டும் சாதாரண ஜி.பி.எஸ். கருவிக்கு இந்தத் தடை இல்லை.

6. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் ஒருமுறை விசாரியுங்கள். வழி கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

நம் ஊரை நாமே எழுதுவோம்

குமாரலிங்கபுரத்துக் காடுகளில் நடந்துவிட்டு வந்து, பதிந்த தடத்தைக் கணினியில் விரித்துப் பார்த்தேன். நான் நடந்த கோடு வெறும் சாம்பல் நிறத்தின் மேல் ஓடியது. வழியில் எனக்குக் காட்டப்பட்ட குடிதண்ணீர் ஊரணி, கலுங்கு, மடை, வேம்படியில் நிற்கும் சாமி, கிடை போடும் பொட்டல் - ஒன்றுக்கும் அந்த வரைபடத்தில் பெயர் இல்லை. பெயர் இல்லாத இடம் ஆவணத்துக்கு வெற்றிடம். வெற்றிடமாகத் தெரியும் கண்மாயையும் ஓடையையும் ஆக்கிரமிப்பது எளிது.

இதைச் சரிசெய்யும் வழி நம் கையில் இருக்கிறது. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ யாரும் எழுதலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்னும் பொது வரைபடம். அதில் தமிழிலேயே பெயர் எழுத முடியும். 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் அந்த நாட்டின் தலைநகரைச் சில நாட்களில் அதில் வரைந்து தந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் மூழ்கிய தெருக்களை மக்களே அதன் மேல் குறித்தார்கள். பேரிடருக்குச் செய்ததை நம் ஊருக்கு நிதானமாகச் செய்யலாம்.

கரிசல் பூமியின் சொற்களை ஒருவர் உட்கார்ந்து திரட்டியதால்தான் அவை இன்று நமக்குக் கிடைக்கின்றன. இடைசெவல் கி.ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி அப்படி வந்தது. சொற்களுக்கு அவர் செய்ததை, இடப்பெயர்களுக்கு இந்தத் தலைமுறை செய்ய வேண்டும். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஒவ்வொரு மடைக்கும் இருக்கிறது. அவை எழுபது, எண்பது வயதுக்காரர்களின் நாவில் மட்டும் வாழ்கின்றன. அவர்களோடு அவை போய்விட்டால் எந்தச் செயற்கைக்கோளாலும் திருப்பித் தர முடியாது.

ஆசிரியர்களே, உங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை காலை கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போங்கள். இளைஞர்களே, உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ, ஆடு மேய்க்கும் சித்தப்பாவையோ கூட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் பெயர் சொல்லட்டும். நீங்கள் கருவியில் குறியுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எது, மழையில் அறுபடும் பாதை எது, கோடையிலும் தண்ணீர் வற்றாத ஊரணி எது என்று எழுதுங்கள். பறவைகள் கூடு கட்டும் இடத்தையும் தனிப்பட்டவர்களின் வீட்டு விவரத்தையும் மட்டும் பொதுவில் போடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போய்த் திருத்துங்கள். திருத்தாத வரைபடம் நாளாக ஆகத் தவறான வழியையே காட்டும்.

திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கிய திருச்சுழிப் பையன், மௌல்வி சொன்னதைக் கேட்டு விழுப்புரத்தில் இறங்கினான். கையில் காசு இல்லாததால் வழியில் ஒரு பகுதியை நடந்தே கடந்தான். செப்டம்பர் 1 அன்று காலை திருவண்ணாமலை சேர்ந்தான். உங்கள் ஊர் வழியாகப் போகும் அடுத்த பையனின் கையில் இருக்கும் வரைபடமாவது சரியாக இருக்கட்டும். இந்த வாரமே ஐந்து இடங்களைக் குறித்து, அவற்றின் பெயரைத் தமிழில் எழுதுங்கள்.